பிடி விடாத பை

பிப்ரவரி 2, ஞாயிறு

கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஏதோ நடந்திருக்கிறது. மேகலாவும் பாப்பாவும் வீடு வந்துவிட்டார்கள்.

ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்கென்று காங்கேயம் போனவள், பாப்பாவுக்கு நான்கு மாதம் முடிந்தபின் திரும்பியிருக்கிறாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விருந்தாளி மாதிரி போவேன். பாப்பாவை யாராவது என் மடியில் வைப்பார்கள். தலையைப் பிடி, கழுத்தைப் பிடி என்று நாலு பேர் கத்துவார்கள். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இனி கத்தவும் ஆளில்லை, திருப்பிக் கொடுக்கவும் ஆளில்லை.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படியில் ஒருவர் ஏறினால் இறங்குபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடிக் கம்பி இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டது. கட்டியவருக்கு அதற்குமேல் அலுத்துப்போயிருக்கும்.

கார் நின்றதும் மேகலா பாப்பாவை என்னிடம் நீட்டினாள். பைகளை நான் கொண்டுவருகிறேன், நீ பிள்ளையை எடுத்துக்கொள் என்றேன். "நீங்களே தூக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மேலே வந்து சேர்ந்தபோது என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கூட வந்த அத்தை, மேகலாவின் அம்மா, ஒரு பழைய இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்திருந்தார். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இரும்பு இருக்கவேண்டுமாம், காற்றுக் கருப்பு அண்டாதாம். ஆனால் அதைப் பாப்பாவின் தலைமாட்டில் வைக்கவில்லை. மேகலாவின் தலையணைக்கு அடியில் வைத்தார். ஏன் என்று கேட்க வந்தேன், அதற்குள் காப்பி வந்துவிட்டது. குடித்ததும் அத்தை ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

வேலை முடிந்து வந்தால் வீட்டுக்கதவு தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியிருக்கிறது. கூடத்து நட்டநடுவில் பாய். பாயில் பாப்பா வீறிட்டு அழுகிறது. மேகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தூக்கு என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து பாப்பாவை மடிக்கு இழுத்துக்கொண்டாள். தூக்கி நாலு நடை நடந்தால் அழுகை நின்றுவிடாதா என்றதற்கு, "கீழயே இருக்கட்டுங்க. கீழ இருந்தா விழாதுல்ல" என்றாள்.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் மேசையைத் தாண்டாது. அப்படிப்பட்ட எனக்கு இதில் ஏதோ பிசிறு தட்டுகிறது, என்னவென்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

கவனித்ததை எழுதிவைக்கிறேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைக்கிறேன்.

நான் வீட்டில் இருந்தால்தான் பாப்பாவுக்குக் குளியல். நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேகலா குளிக்கப் போனாலும் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்று நான் பார்க்கவேயில்லை. எடுப்பது, பால் கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் தரையோடு தரையாக.

இன்று காலை அடுப்படியில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கரண்டி அப்படியே நின்றது. உதடு மட்டும் எதையோ மெல்லுவது போல அசைந்தது. தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் யார் என்பதே இல்லை. பிறகு, "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டேன். இல்லை, தூக்கமில்லை என்றாள். பாப்பா ராத்திரி முழுக்கப் படுத்துகிறது, அது நிஜம்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று சாப்பாட்டு நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பேக்கிங் பிரிவு ஜோதியக்காவிடம் மேகலாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அக்கா டிபன் டப்பாவை மூடிவிட்டு, குரலைத் தணித்து, தன் சித்தி மகள் கதையைச் சொன்னார். பிள்ளை பெற்ற பிறகு மனசு மாறிப்போய், பிள்ளையைத் தொடாமலே இருந்து, ஒருநாள் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போய்விட்டாளாம். நல்லவேளை, யாரோ பார்த்துவிட்டார்கள்.

"பயப்படாத தம்பி, ஆனா தனியா உடாத" என்றார்.

பயப்படாமல் எப்படி இருப்பது? மத்தியானத்துக்கு மேல் செக்கிங்கில் என் கண் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடுப்படிக் கத்தியை எடுத்துப் பரண்மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். மொட்டைமாடிச் சாவியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் பெண்டாட்டியைப் பார்த்து நானே பயப்படுகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

கத்தி எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். வெண்டைக்காயைக் கையால் கிள்ளிப் போட்டுப் பொரியல் செய்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது, பாதியில் எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

யோசனை வந்துவிட்டது. பேபி கேரியர். கீழ்வீட்டு ஹசீனா அக்கா இதைக் கங்காரு பை என்கிறார். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டால் பிள்ளையின் சூடு தாய்க்கும், தாயின் சூடு பிள்ளைக்கும் ஒட்டி, பாசம் பெருகும் என்று செல்போனில் ஒரு டாக்டரம்மா பேசியதைக் கேட்டேன். விலகி விலகி உட்காருகிறவளைக் கட்டிப்போட இதைவிட நல்ல வழி கிடையாது. பாப்பாவுக்குக் கழுத்தும் நின்றுவிட்டது.

கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் காட்டியது கால் இரண்டும் தொங்குகிற மாதிரி குறுகலான பை. துணி வழவழப்பு, காற்றுப் போகாது. பிள்ளையின் முழு எடையும் இரண்டு தொடைக்கு நடுவில் உட்காரும். வேண்டாம் என்றேன். இரண்டாவது கடையில் தோளில் மாட்டும் தொட்டில் துணி. அதில் போட்டால் பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு தடைப்படும். நிம்மதியாகத் தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். இதுவும் அந்த டாக்டரம்மா சொன்னதுதான். கேட்டதிலிருந்து எனக்குப் பாப்பா தூங்கினாலே பயம்.

மூன்றாவது கடையில் கிடைத்தது. அகலமான இருக்கை, ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தாங்குகிறது. பருத்தித் துணி. இடுப்புக்குக் கனமான பட்டை. தோள்பட்டைகள் இரண்டையும் முதுகில் இழுத்துச் சேர்க்க ஒரு பக்கிள். பாப்பாவின் உச்சந்தலை என் தாடைக்குக் கீழே, குனிந்தால் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்கும். மூக்கு எப்போதும் என் கண்ணுக்குத் தெரியும். பட்டை சேரும் இடங்களில் பிரியாமலிருக்கக் குறுக்கே நெருக்கி அடிக்கும் பார்டாக் தையல் போட்டிருக்கிறார்களா என்று புரட்டிப் பார்த்தேன். போட்டிருந்தார்கள். முழங்காலில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர், "அண்ணா, வாங்கறதுன்னா வாங்குங்க. பிச்சுப் பாத்துட்டுப் போயிடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அதில் அரிசி மூட்டையை வைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒரு மணி நேரம் தொங்கவிட்டேன். தையல் ஒரு நூல்கூட விடவில்லை. மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது இன்றைக்குத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் நாள் நானே கட்டிக்கொண்டேன். பாப்பா கொஞ்சம் முரண்டு பிடித்தது. நாலு எட்டு வைத்ததும் அடங்கி, என் பனியனைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. படி இறங்கும்போது இரண்டு கையும் எனக்கே. ஒரு கை சுவரில், ஒரு கை கம்பியில். கம்பெனி டிரைவர் தெருவில் பார்த்து, "என்னங்ணா, நீங்க எப்பப் பெத்தீங்க?" என்றான். சிரித்துவிட்டுப் போனேன்.

ஹசீனா அக்கா கண்பட்டுவிடும் என்று தன் துப்பட்டாவை எடுத்துப் பாப்பாவின் முகத்தோடு மூடிவிட்டார். நானும் சரி என்று நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் நெஞ்சில் பாப்பாவின் மூச்சே தெரியாத மாதிரி இருந்தது. உதறி எடுத்துப் பார்த்தால் முகமெல்லாம் வியர்வை, சிவந்துபோயிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முறைத்தது. அதற்குப் பிறகு யார் எதைப் போர்த்த வந்தாலும் கையைத் தட்டிவிட்டேன். கண் பட்டால் படட்டும்.

மேலே வந்ததும் மேகலா தள்ளி நின்றபடி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி நீயும் போட்டுக்கொள்ளலாம், கை நழுவும் என்ற பயமே வேண்டாம் என்றேன்.

"நீங்க விழுந்தா?" என்றாள்.

"விழுந்தாலும் பாப்பா கையைவிட்டுப் போகாது. பக்கிள் விடவே விடாது."

"அதத்தாங்க கேக்கறேன். நீங்க விழுந்தா பாப்பாவும் கூடவே விழுமுங்களா?"

குதர்க்கம் பேசுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

பிப்ரவரி 12, புதன்

அவள் பையைத் தொடுவதாக இல்லை. வெறும் பையைக்கூட. இன்று சண்டை. எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதுகிறேன். பெற்றவளே பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்றால் ஊர்க்காரியா வந்து தூக்குவாள் என்று கேட்டேன். நீயெல்லாம் ஒரு அம்மாவா என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, முதுகுப் பக்கிளைப் போடாமலே பையை மாட்டிக்கொண்டு, பாப்பாவை அதில் வைத்துக்கொண்டாள். எழுந்திரு என்றேன். தலையை ஆட்டினாள். பாப்பாவின் உச்சியில் முகத்தை வைத்து அழுதாள். பாசம் இல்லாதவள் இப்படி அழுவாளா? குழப்பமாக இருக்கிறது. கத்தி இன்னும் பரண்மேல்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேகலா நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஓரம் முழுக்கப் புண். காரம் இறங்கவில்லை, தயிர்ச்சோறுதான். சாப்பிடும்போது கடித்துக்கொண்டாளாம். இடுப்பில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டாளாம். செக்கிங்கில் ஒரே பீஸில் இரண்டு குறை வந்தால் நான் தற்செயல் என்று விடுவதில்லை. தன்னைத்தானே ஏதோ செய்துகொள்கிறாளோ? அடுத்தது பாப்பாவா?

அத்தைக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "மாப்ள, அந்தச் சாவிக்கொத்து அவ கைக்கு எட்டற மாதிரியே இருக்கோணுமுங்க. மறந்துடாதீங்க" என்றார். இங்கே வீடு தீப்பிடித்து எரிகிறது, இவருக்குச் சாவிக்கொத்து. பட்டென்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பாப்பாவுக்குத் தடுப்பூசி ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது. நாளைக்குப் போட்டே ஆகவேண்டும். எனக்கு நாளைக்குக் கப்பலுக்குப் போகிற சரக்கு, லீவு கிடையாது. மேகலாதான் போகவேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். கீழே ஹசீனா அக்கா ஆட்டோவோடு காத்திருப்பார். மூன்று மாடி இறங்குவது மட்டும்தான் இவள் வேலை. ஒரு தடவை பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெளியே போய்வந்துவிட்டால் எல்லாம் சரியாகும், பழகிவிடும்.

"நாளான்னைக்கு நீங்க இருக்கறப்பப் போலாமுங்க" என்றாள். முடியாது என்றேன். அவள் கண் வாசல் படிக்கட்டுக்குப் போனதைப் பார்த்தேன். பார்த்தும் முடியாது என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பாப்பா அழுதுகொண்டிருக்கிறது. அழுகை கேட்கிறவரைக்கும் பரவாயில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்று காலை கிளம்பும் முன் நானே மேகலாவுக்குப் பையைக் கட்டிவிட்டேன். முதுகுப் பக்கிள் அவளுக்கு எட்டாது. அதனால் நான் போட்டு, பட்டையை இழுத்து இறுக்கி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, பாப்பாவின் தாடை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்றேன். ஹசீனா அக்காவிடம் போய்ச் சேரும் வரை கழற்றாதே, கழற்றினால் உன்னால் திரும்பப் போட முடியாது என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

மற்றது ஹசீனா அக்கா சொன்னது. ஆட்டோ வந்துவிட்டது, கூப்பிட்டால் பதிலில்லை. மேலே பாப்பா அழுகிற சத்தம், கூடவே தரையில் என்னவோ அடிக்கிற சத்தம். ஓடிப் பார்த்தால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேகலா கிடந்தாள். ஒருக்களித்து, படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி, சுவர் மூலைக்கும் தனக்கும் நடுவில் பாப்பாவை வைத்துக்கொண்டு. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. ஒவ்வொரு தடவை உடம்பு உதறும்போதும் பாப்பாவின் தலை சுவரில் போய் முட்டியது.

அக்காவுக்குப் பக்கிள் கழலவில்லை. மேகலாவின் முதுகு வில்லாக வளைந்து பட்டை விறைத்து நின்றதாம். பிய்த்துப் பார்த்தாராம். தையல் விடவில்லை. கீழே போய்த் துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து இரண்டு தோள்பட்டையையும் அறுத்துத்தான் பாப்பாவை எடுத்தார்.

நான் மிதித்து இழுத்து, அரிசி மூட்டை தொங்கவிட்டுப் பார்த்து வாங்கியது. வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பாப்பாவின் நெற்றி ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, அழுதது நல்லது, ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். மேகலா இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மேகலா தெளிந்துவிட்டாள். டாக்டர் என் முன்னாலேயே அவளிடம், வலிப்பு எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். பத்தாம் வகுப்பிலிருந்து என்றாள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வரவில்லையாம். சத்து மாத்திரை என்று என் கண்ணெதிரே விழுங்கிக்கொண்டிருந்தாள், நானே சில நாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பாப்பா பிறந்த பிறகு, பால் வழியாக மருந்து பிள்ளைக்குப் போய்விடும் என்று அத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மாத்திரையும் இல்லை, தூக்கமும் இல்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் முன்பே வந்திருக்கிறது. சாவிக்கொத்தைப் பற்றி டாக்டர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இரும்பு கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்கவைத்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். மாத்திரை நிறுத்தியதற்கு, சேதி கேட்டு ஓடிவந்திருந்த அத்தைக்குத் தனியாகத் திட்டு விழுந்தது. அவள் சாப்பிடும் மாத்திரையோடு தாய்ப்பால் கொடுக்கலாமாம்.

டாக்டர் போனபிறகு கட்டில் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கோபம். பயத்தைவிடப் பெரிய கோபம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

யோசித்தேன். பொய் சொல்ல அது இடமில்லை. "மாட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்க. அதனாலதான் சொல்லல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மற்றதை அவளே சொன்னாள். திருப்பத்தில் இறங்கும்போது வாயில் கரியைக் கடித்த மாதிரி ஒரு ருசி வந்ததாம். அது வந்தால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். பக்கிளைக் கழற்ற முதுகுக்குக் கையைக் கொண்டுபோனாள், எட்டவில்லை. குப்புற விழுந்தால் பாப்பாமேல் விழுவோம், நின்றால் படியில் உருளுவோம் என்று உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அதுவரைக்குந்தான் ஞாபகமுங்க. பாப்பா தலையில அடிச்சது நானுங்களா?" என்றாள்.

இல்லை, சுவர் என்றேன்.

பிப்ரவரி 22, சனி

வீடு வந்துவிட்டோம். பாப்பாவின் வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. கத்தியைப் பரணிலிருந்து இறக்கி அடுப்படியில் வைத்தேன். மேகலா பார்த்தாள். எதற்கு ஒளித்துவைத்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பல்லடத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். விஷயம் எப்படியோ போய்விட்டது. அண்ணன் உட்காரக்கூட இல்லை. ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள், இன்றைக்கே காங்கேயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா, வக்கீலைப் பார்க்கலாம், பிள்ளையை அண்ணி வளர்ப்பாள் என்றார். அண்ணி பாயருகே போய்ப் பாப்பாவைத் தூக்கிவிட்டார். மேகலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தடுக்கவில்லை. பாப்பாவின் காலை மட்டும் பிடித்திருந்தாள். அண்ணி எழுந்து நின்றதும் அந்தக் காலும் கைக்கு எட்டாமல் போயிற்று.

அண்ணன் சொன்னதில் பாதியை நானே இந்த நாலு நாளில் நினைத்திருக்கிறேன். இவளோடு பாப்பாவைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகமுடியுமா? நாளைக்கு மறுபடி வந்தால்? அண்ணன் சொல்வதுபோல் செய்துவிட்டால் இந்தப் பயம் இன்றோடு தீர்ந்துவிடும். அந்த நினைப்பு இனிப்பாகக்கூட இருந்தது.

ஆனால் தாழிடாத கதவும், நடுக்கூடத்துப் பாயும், எனக்காகக் காத்திருந்த குளியலும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எதெல்லாம் எனக்குப் பிசிறாகப் பட்டதோ அதெல்லாம் அவள் போட்டுவைத்த காவல். ஐந்து மாதமாக ஒரு சிராய்ப்பு இல்லாமல் வளர்த்த பிள்ளைக்கு முதல் காயம் நான் கட்டிவிட்ட அன்றுதான்.

"அண்ணா, இத்தன நாளும் அவகிட்டருந்து புள்ளயக் காப்பாத்துனது அவதான். நாந்தான் சேத்துக் கட்டி உட்டேன். புள்ள இங்கதான் இருக்கும், அவளும் இங்கதான் இருப்பா" என்றேன்.

அண்ணன், உன் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அண்ணி பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பாப்பாவைக் கீழே மேகலாவின் மடியில் வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

தரைத்தள வீடு பார்த்து மாறிவிட்டோம். ஹசீனா அக்கா வீட்டுக்கு அடுத்த சந்துதான். அவர் தங்கை மகள் பகலில் மேகலாவோடு இருக்கிறாள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று. ராத்திரி பாப்பாவை நான்தான் பார்க்கிறேன், மேகலா தூங்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனியில் கொட்டாவி விட்டே இரண்டு ஓட்டை பீஸைக் கோட்டைவிட்டேன். மேனேஜர் திட்டினார், திட்டட்டும்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. கம்பெனியில் போன் அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனால் இப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிகிறது. மேகலாவுக்குப் பயப்படவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு தடவை வந்தது. நான் இருக்கும்போது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், தலைக்குக் கீழே என் கையை வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. சின்னதுதான், அடங்கிவிட்டது. பாப்பா பாயில் படுத்துக்கொண்டு காலை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தபிறகு நான் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் மேகலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்று கேட்கட்டுமா என்றாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"பாப்பாவ ஒருக்காத் தூக்கிட்டு நடக்கோணுமுங்க. பெத்ததுல இருந்து நின்னு கையில தூக்கினதே இல்லீங்க."

டாக்டரிடம் போன் செய்து கேட்டேன். சமதரையாக இருக்கட்டும், கட்டாமல் கையில் மட்டும் பிடிக்கட்டும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள், கொஞ்ச நேரம்தான் என்றார்.

வீட்டுக்குப் பின்னால் யாருடைய மனையோ சும்மா கிடக்கிறது. மழைக்கு முளைத்த புல் காய்ந்து மெத்தையாகப் படிந்திருக்கிறது. கல்லையெல்லாம் நான் பொறுக்கிப் போட்டேன். மேகலா நின்றாள். பாப்பாவை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகும் என் கையை எடுக்க மனம் வரவில்லை. அவள்தான் எடுக்கச் சொன்னாள்.

நடந்தாள். முதல் அடி வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு திறந்தாள். வாயில் ஏதாவது ருசி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நான் பக்கவாட்டில் இரண்டு கையையும் நீட்டியபடி நண்டு மாதிரி நடந்தேன். அடுத்த வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பாப்பா அம்மாவின் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, அந்த உயரத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனையின் கோடி வரை போய்விட்டோம். போதும், உட்கார்ந்துகொள் என்றேன்.

"இன்னுங் கொஞ்ச தூரமுங்க" என்றாள் மேகலா.

சரி என்றேன். அவள் திரும்பி நடந்தாள், நானும் கையை நீட்டிக்கொண்டே கூட நடந்தேன்.